ஐபிவி4-ஐ யாரும் ஒரே நாளில் அணைக்கப்போவதில்லை

"ஐபிவி4 முகவரி தீர்ந்துபோச்சு. ஒருநாள் நிறுத்திடுவாங்க, பழைய போனெல்லாம் குப்பைக்குத்தான்." தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் இப்படி நம்புவோர் உண்டு.

தீர்ந்தது உண்மை. இணையத்தில் கருவிகளை அடையாளம் காட்டும் ஐபிவி4 முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடி. உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3 அன்று முடிந்தது. ஆசிய பசிபிக் பதிவகமான ஏப்னிக் அதே ஆண்டு ஏப்ரலிலேயே ரேஷன் முறைக்கு வந்துவிட்டது. ஆனால் நிறுத்தும் தேதி என்று எதுவும் குறிக்கப்படவில்லை. பழையதை ஒரேயடியாக நிறுத்திய அப்படியொரு நாள் முன்பு 1983 ஜனவரி 1 அன்று வந்தது. இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் பழைய என்சிபி நெறிமுறையைக் கைவிட்டு டிசிபி/ஐபிக்கு மாறிய நாள் அது. இணைந்திருந்தவை சில நூறு கணினிகள்தான் என்பதால் அது சாத்தியமானது. இன்று பழைய ஐபிவி4-உம் அதற்கு அடுத்து வந்த ஐபிவி6-உம் சேர்ந்தே ஓடுகின்றன. மறு நில அளவைக்குப் பிறகு பத்திரத்தில் பழைய சர்வே எண்ணையும் புதிய சர்வே எண்ணையும் சேர்த்தே எழுதுகிறோமே, அதுபோல.

"ஐபிவி6 எல்லாம் சென்னை, பெங்களூருவுக்கு. நம்ம ஊருக்கு எங்கே?"

இந்த நம்பிக்கைதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது, ஏனென்றால் நிலைமை நேர்மாறு. 2016 செப்டம்பரில் ஜியோவின் 4ஜி சேவை ஐபிவி6-உடன்தான் வந்தது. திருவையாற்றில் தாளடி நடவுக்கு நிற்கும் விவசாயி வைஃபையை அணைத்துவிட்டு, போன் செட்டிங்ஸில் ஐபி முகவரியைப் பார்க்கட்டும். ஜியோ சிம் என்றால் 2409 என்று தொடங்கும் நீளமான முகவரி இருக்கும். ஐபிவி4 மட்டுமே தெரிந்த பழைய தளங்களும் அதே போனில் திறக்கின்றன. 464எக்ஸ்லாட் என்ற ஏற்பாட்டில் போனும் நிறுவனமும் சேர்ந்து முகவரியை மாற்றிக் கொடுக்கின்றன. இந்தியாவில் கூகுளுக்கு வருவோரில் பாதிக்கும் மேற்பட்டோர் ஐபிவி6 வழியாகவே வருகிறார்கள். பின்தங்கி நிற்பவை பெரும்பாலும் கம்பிவழி இணைப்புகள்: அலுவலகம், கல்லூரி, விடுதி. அங்கே ரூட்டரில் ஐபிவி6-ஐ இயக்கிவைக்க ஆள் வேண்டும், அக்கறையும் வேண்டும்.

"முகவரி வெளியே தெரியாததே பாதுகாப்பு."

ரைஸ்மில்லில் கேமரா மாட்டியவருக்கு இதன் மறுபக்கம் தெரியும். பல வாடிக்கையாளர்களை ஒரே ஐபிவி4 முகவரிக்குள் இணைய நிறுவனம் அடைத்துவைத்திருந்தால், வெளியூரிலிருந்து கேமராவை நேரடியாகத் திறக்க முடியாது. தனி முகவரிக்குக் கூடுதல் பணம் கேட்பார்கள். முகவரிப் பகிர்வு பற்றாக்குறையைச் சமாளிக்க வந்த ஏற்பாடு, பூட்டு அல்ல. பூட்டு என்பது ரூட்டரின் ஃபயர்வால். ஐபிவி6-க்கும் அது உண்டு. வெளியிலிருந்து வரும் இணைப்பை முழுக்கத் தடுத்து, கேமராவுக்கு வேண்டிய வழியை மட்டும் திறக்கச் சொல்லுங்கள். கேமராவோடு வந்த பாஸ்வேர்டையும் அன்றே மாற்றுங்கள்.

"ஐபிவி6-க்குப் போய்விட்டால் பிறகு மாற்றமே இல்லை."

ஐபிவி6-க்குள்ளேயே சில பகுதிகள் ஓய்வு பெற்றுவிட்டன. நிறுவனத்தின் உள்வலைக்கென ஒதுக்கிய 'சைட் லோக்கல்' முகவரிகள் (எஃப்இசி0 எனத் தொடங்குபவை) 2004-இல் கைவிடப்பட்டன. இரண்டு நிறுவனங்கள் ஒன்றிணையும்போது இரண்டிலும் ஒரே எண் இருந்து குழப்பியதே முக்கியக் காரணம். மறு ஆண்டே எஃப்டி எனத் தொடங்கும் மாற்று வந்தது. அதில் ஒவ்வொரு வலையும் தனக்கென ஓர் எண்ணைக் குலுக்கல் முறையில் எடுத்துக்கொள்வதால், மோதும் வாய்ப்பு மிகக் குறைவு. உங்கள் கல்லூரி அல்லது அலுவலக வலையில் இன்னும் எஃப்இசி0 ஓடினால், அடுத்த கருவியை வாங்கும் முன் அதை மாற்றச் சொல்லுங்கள்.