அமெலி: இதமான ஒரு படத்தின் உள்ளே

பிரெஞ்சு இயக்குநர் ஜான் பியர் ஜூனே 2001-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘அமெலி’யைப் பார்த்தவர் பலரும் ‘மனத்துக்கு இதமான படம்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவர். அந்த இதம் எங்கிருந்து வருகிறது?

பாரிசின் மோன்மார்த்ர் பகுதியில் ஒரு காப்பிக் கடையில் பணிபுரிபவள் அமெலி. இப்படத்தில் கதைமாந்தரை அறிமுகப்படுத்தும் முறையைக் கவனியுங்கள். தந்தைக்குத் தம் கருவிப்பெட்டியைக் கொட்டித் துடைத்து மீண்டும் அடுக்கப் பிடிக்கும். அமெலிக்குத் தானிய மூட்டைக்குள் கையை நுழைக்கப் பிடிக்கும். இப்படிச் சின்ன விருப்பங்களைச் சொன்னதும் அவர்கள் நமக்குத் தெரிந்தவர்களாகி விடுகிறார்கள்.

தன் வீட்டுச் சுவருக்குள், நாற்பதாண்டுகளுக்குமுன் ஒரு சிறுவன் ஒளித்துவைத்த தகரப் பெட்டியைக் கண்டெடுத்து, உரியவரிடம் மறைவாகச் சேர்க்கிறாள் அமெலி. பிறகு அக்கம்பக்கத்தார் வாழ்விலும் தலையிடுகிறாள். வேலையாளை இழிவுபடுத்தும் காய்கறிக் கடைக்காரர் வீட்டுக்குள் திருட்டுத்தனமாக நுழைந்து பொருள்களை மாற்றிவைக்கிறாள். அது குற்றம் என்பதைச் சிரிப்பில் மறந்துவிடுகிறோம்!

ஆனால், தான் விரும்பும் நினோவின் முன்னால் நிற்க மட்டும் அவளுக்குத் துணிவில்லை. ஆண்டுதோறும் ரெனுவாரின் ஒரே ஓவியத்தைப் படியெடுக்கும் முதியவர் துஃபாயேல் இதைக் கண்டுகொள்கிறார். ஓவியத்தில் தண்ணீர்க் குவளையோடு இருக்கும் பெண்ணைப் பற்றிப் பேசுவதுபோல் அமெலியைப் பற்றியே பேசுகிறார். பிறருக்கு உதவுவது அவள் ஒளிந்துகொள்ளும் இடமும்கூட. படம் வெறும் சர்க்கரைப் பாகாகத் திகட்டாமல் இருப்பது இதனால்தான் என்பது என் கருத்து.

படத்தில் வரும் பாரிஸ் அளவுக்கு மீறித் தூய்மையானது என்று சில விமர்சகர்கள் குறை கூறினர். அது நியாயமே. தெருக்களுக்கு அழகு கூட்டியிருக்கிறார்கள். நினோ கதவுக்கு வெளியே நிற்கையில் திறக்காமல் உள்ளே நிற்கும் அவளது அச்சத்துக்கு அப்படி எதுவும் பூசவில்லை.