அருவிப்புரத்துக் கல்

களியக்காவிளையைத் தாண்டி, பாறசாலை வழியே நெய்யாற்றின்கரைக்கு அருகிலுள்ள அருவிப்புரம் சென்றபோது எனக்குக் கான்ட் நினைவுக்கு வந்தார்.

மனிதனை வெறுங் கருவியாகக் கொள்ளலாகாது என்று 1785இல் வெளிவந்த தம் அறநூலில் கான்ட் வற்புறுத்தினார். அதற்குப் பகுத்தறிவே அடிப்படை என்றார். அத்வைதமோ ஆன்மா ஒன்றே என்றது. முன்னது பிறனை மதிக்கச் சொல்கிறது. பின்னது பிறன் என்ற வேற்றுமையையே மறுக்கிறது.

எனினும், கான்ட் இனங்களுள் உயர்வு தாழ்வு கற்பித்தார். அத்வைதம் பிறந்த நாட்டிலே தீண்டாமையும் தழைத்தது. 1888இல், ஈழவர் குலத்தில் தோன்றிய நாராயண குரு நெய்யாற்றுக் கல்லொன்றை எடுத்துச் சிவனாக இங்கே நிறுவினார். கோயில் வாயில் அடைக்கப்பட்டிருந்தோர்க்குக் கோயில் கிடைத்தது.

இரு தத்துவங்களையும் ஒப்பிடும்போது, அவை என்ன சொல்லின என்பதோடு, யாருக்குக் கதவு திறந்தன என்றும் கேட்போமாக!