கிலோமீட்டரை மட்டும் பார்த்து ஆயில் மாற்றாதீர்கள்

கார் வைத்திருக்கும் நாலு பேர் கூடினால், மைலேஜுக்கு அடுத்தபடியாகக் கிளம்பும் வாக்குவாதம் இதுதான்: இன்ஜின் ஆயிலை ஐயாயிரத்தில் மாற்றுவதா, பத்தாயிரத்தில் மாற்றுவதா? ஐயாயிரம் என்பவர் பெரும்பாலும் அம்பாசிடர் காலத்து ஆள், அல்லது அந்தக் காலத்து மெக்கானிக்கிடம் வண்டி விட்டுப் பழகியவர். பத்தாயிரம் என்பவர் சர்வீஸ் புத்தகத்தை எடுத்து நீட்டுவார். எங்கள் குடும்பத்தில் மூன்று கார்களின் ஆயில் கணக்கு என் தலையில்தான் இருக்கிறது. சென்னையில் ஓடும் என் பெட்ரோல் கார், தேனியில் தம்பியின் கார், ஸ்ரீரங்கத்தில் மாமனாரின் கார். மூன்றுக்கும் ஒரே கணக்கு எடுபடாது என்பது அனுபவத்தில் கண்டது.

ஐயாயிரம் என்ற கணக்கு சும்மா வந்ததல்ல. அன்றைக்கு ஊற்றியது மினரல் ஆயில். கார்புரேட்டர் வண்டியில் காலையில் சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்தால், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரோரமாக வழிந்து ஆயிலில் போய்ச் சேரும். ஆயில் சீக்கிரம் நீர்த்துவிடும், கசடும் பிடிக்கும். இப்போது பெட்ரோலை அளந்து பீய்ச்சுவது கம்ப்யூட்டர். ஆயிலும் சிந்தெடிக். அதனால்தான் இன்று பல நிறுவனங்கள் பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஓராண்டு என்கின்றன, சில பதினைந்தாயிரம் வரைகூடப் போகின்றன. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் அந்த வரியை வாசிக்கிறவர்கள் கையேட்டின் அடுத்த அட்டவணையை வாசிப்பதில்லை.

பெரும்பாலான கார் கையேடுகளில் ‘கடுமையான பயன்பாடு’ என்று தனியாக ஓர் அட்டவணை இருக்கும். அடிக்கடி குறுகிய தூரம் ஓட்டுவது, நின்று நின்று நகரும் நெரிசல், நெடுநேரம் ஐடிலில் நிற்பது, புழுதிச் சாலை, கடும் வெயில் என்று அதில் பட்டியல் வரும். அப்படி ஓடும் வண்டிக்கு ஆயில் மாற்றும் இடைவெளி பல கார்களில் பாதியாகக் குறைந்துவிடும். பட்டியலைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. இதில் எது சென்னையில் இல்லை?

என் காரின் டிஸ்பிளேயில் சராசரி வேகம் காட்டும். வேளச்சேரியிலிருந்து அலுவலகம் போய்வரும் வாரங்களில் அது மணிக்கு 16 கிலோமீட்டரைத் தாண்டுவது அபூர்வம். அந்த வேகத்தில் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓட இன்ஜின் 625 மணி நேரம் சுழல வேண்டும். தேனியிலிருந்து மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் போய்வரும் தம்பி காருக்குச் சராசரி 55. அதே பத்தாயிரத்துக்கு அவன் இன்ஜின் 180 மணி நேரச் சொச்சம்தான் ஓடியிருக்கும். ஓடோமீட்டரில் இரண்டும் பத்தாயிரம்தான். என் ஆயில் மட்டும் மூன்று மடங்குக்கு மேல் உழைத்திருக்கிறது, அதுவும் பாதி நேரம் சிக்னலில் காற்றோட்டமே இல்லாமல் வெந்துகொண்டு. சராசரி வேகம் மணிக்கு இருபதுக்குக் கீழே என்றால் பத்தாயிரம் வரை காத்திருக்காதீர்கள். நான் ஐயாயிரம் தாண்டியதும் நாள் குறித்துவிடுவேன். தம்பி தன் காருக்குப் பத்தாயிரத்தில் மாற்றுகிறான், அவனுக்கு அது போதும்.

மாமனார் வண்டிதான் விசித்திரம். காய்கறிக் கடை, கோயில், மாதம் ஒருமுறை டாக்டர். அவ்வளவுதான் ஓட்டம்.

“வண்டி ஓடவே இல்ல மாப்ள, ஆயிலுக்கு என்ன கேடு வந்தது? எதுக்கு மாத்தச் சொல்றீங்க?”

“ஓடாததுதான் மாமா கேடே.”

பெட்ரோல் எரியும்போது தண்ணீரும் உண்டாகிறது. அதில் கொஞ்சம் நீராவியாகப் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஆயிலுக்குள் இறங்கும். கூடவே எரியாத பெட்ரோலும். இன்ஜின் நன்றாகச் சூடேறி அரை மணி நேரம் ஓடினால் இரண்டும் ஆவியாகி வெளியேறிவிடும். இரண்டு கிலோமீட்டரில் அணைத்துவிட்டால் உள்ளேயே தங்கி அமிலமாகும். அதைச் சமாளிக்கவென்று ஆயிலில் கலந்திருக்கும் சரக்கு மெல்ல மெல்லத் தீரும். ‘கிலோமீட்டர் அல்லது மாதம், எது முதலில் வருகிறதோ அது’ என்று புத்தகத்தில் போடுவது இதற்காகத்தான். மாமனார் கார் வருடத்துக்கு எத்தனை சொற்பமாக ஓடினாலும் ஆண்டுக்கு ஒருமுறை ஆயில் மாற்றியாக வேண்டும். இடையில் வாரம் ஒருநாள் பைபாஸில் அரை மணி நேரம் ஓட்டிவரச் சொல்லியிருக்கிறேன். அதை அவர் சந்தோஷமாகவே செய்கிறார், மாமிதான் முனகுகிறார்.

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் ஒன்று கவனிக்கலாம். குளிரில் குறுகிய ஓட்டம் ஓடும் வண்டியில் ஆயில் மூடியைத் திறந்தால், உட்புறம் மோர் நுரை மாதிரி வெளுத்து ஒட்டியிருக்கும். மூடியில் மட்டும் இருந்தால் அது ஈரம், ஒரு நீண்ட ஓட்டத்தில் போய்விடும். டிப்ஸ்டிக்கிலும் ஆயில் வெளுத்துக் குழம்பியிருந்து, கூலன்ட்டும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கக்கூடும். வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கை வரவழையுங்கள்.

டிப்ஸ்டிக் பார்ப்பது பெரிய வித்தை இல்லை. சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் விட்டால் ஆயில் கீழே இறங்கிவிடும். உருவித் துடைத்து, முழுக்கச் செருகி, மறுபடி உருவிப் பாருங்கள். முதல் உருவலில் தெரியும் அளவை நம்ப வேண்டாம். மேல் குறிக்கும் கீழ் குறிக்கும் இடையே பல கார்களில் ஏறக்குறைய ஒரு லிட்டர். நான் மாதம் ஒருமுறை பார்க்கிறேன். ஆயில் கெட்டு இன்ஜின் போனதைவிட ஆயில் குறைந்து இன்ஜின் போன கதைகளையே பணிமனைகளில் நான் அதிகம் கேட்டிருக்கிறேன். டாஷ்போர்டில் சிவப்பாக எரியும் ஆயில் விளக்கு, மாற்றும் தேதியை நினைவூட்டுவதற்கு அல்ல. ஆயில் அழுத்தம் விழுந்துவிட்டது என்று அர்த்தம். உடனே ஓரங்கட்டி அணைக்க வேண்டும், அடுத்த பங்க் வரை ஓட்டக்கூடாது.

“ஆயில் கறுத்துப்போச்சு சார், மாத்திடலாமா?” என்று மெக்கானிக் டிப்ஸ்டிக்கைக் காட்டுவார். கறுப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. ஆயிலுக்குள் இருக்கும் சோப்புச் சரக்கு கரியைப் பிரித்துத் தன்னிடம் தாங்கிக்கொள்வதால்தான் கறுக்கிறது. டீசல் வண்டியில் புது ஆயில் சில நூறு கிலோமீட்டரிலேயே மை மாதிரி ஆகிவிடும். விரலில் தேய்த்தால் பொடி நெருடுகிறதா, பெட்ரோல் வாடை தூக்கலாக வருகிறதா என்று பார்க்கலாம். மற்றபடி நிறத்தை வைத்து முடிவெடுக்க முடியாது.

டீசல்காரர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்த பிறகான டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் இருக்கிறது. அது நிறைந்ததும், கரியை எரிக்க இன்ஜின் கூடுதலாக டீசலைப் பீய்ச்சும். ஊருக்குள்ளேயே ஓடினால் அந்த வேலை பாதியில் நின்று நின்று போக, மிச்ச டீசல் ஆயிலில் இறங்கும். ஆயில் அளவு குறைவதற்குப் பதில் மேலே ஏறும். மேல் குறியைத் தாண்டியிருந்தால் கிலோமீட்டர் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். இந்த வண்டிகளுக்குச் சாம்பல் குறைவான தனி ரக ஆயில் உண்டு. டிரம்மிலிருந்து பொதுவாக ஊற்றுவதை ஏற்காதீர்கள்.

கிரேடு விஷயத்திலும் அப்படித்தான். 0டபிள்யூ-20 கேட்கும் இன்ஜினில் “நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டியா இருக்கட்டும்” என்று 20டபிள்யூ-50 ஊற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்றைய இன்ஜின்களின் ஆயில் வழிகள் மெல்லிய ஆயிலுக்கென்றே வடிவமைத்தவை. கெட்டி ஆயில் காலை ஸ்டார்ட்டில் மேலே ஏறத் தாமதமாகும், மைலேஜும் குறையும். டர்போ வண்டிக்கு இன்னும் கவனம் வேண்டும். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்வது இந்த ஆயிலை நம்பித்தான். புத்தகத்தில் போட்ட கிரேடு, புத்தகத்தில் போட்ட தரம். அதற்கு மேல் யார் சொல்வதும் வேண்டாம்.

பணிமனையில் நான் கூடவே நிற்பேன். வெதுவெதுப்பான இன்ஜினில் டிரெயின் போல்ட்டைக் கழற்றி, சொட்டு நிற்கும் வரை விடச் சொல்வேன். அவசரத்தில் போல்ட்டை மாட்டிவிட்டால் பழைய ஆயில் கொஞ்சம் அடியில் தங்கும். போல்ட்டின் வாஷர் புதிது, ஃபில்டரும் புதிது. ஆயிலை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய ஃபில்டரை விடுவது பாதி வேலை. கேனின் சீல் என் கண்ணெதிரே உடைய வேண்டும். காலி கேனை ஓட்டை போட்டு வாங்கிக்கொள்வேன். போலிச் சரக்கு நிரப்புகிறவர்களுக்கு நல்ல காலி கேன்தான் மூலதனம். மேல் குறிக்கு மேல் ஊற்றவும் விடக்கூடாது, கிராங்க் தண்டு அடித்து ஆயிலை நுரைக்க வைத்துவிடும். ஃப்ளஷ், மைலேஜ் கூட்டும் மருந்து என்று பில்லில் சேர்ப்பவற்றை நான் வேண்டாம் என்றே சொல்கிறேன். பில்லை மட்டும் பத்திரமாக வைத்திருப்பேன், வாரண்டிக்கு அதுதான் சாட்சி.

ஒவ்வொரு முறையும் மூன்று லிட்டருக்கு மேல் பழைய ஆயில் இறங்குகிறது. 2016ஆம் ஆண்டின் விதிகளின்படி அது அபாயகரக் கழிவு. பதிவுபெற்ற மறுசுழற்சியாளருக்குத்தான் போக வேண்டும். உங்கள் பணிமனையில் அது எங்கே போகிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சாக்கடையைக் கை காட்டினால், அடுத்த முறை வண்டியை வேறு இடத்தில் விடுங்கள்.