பச்சைப் பெயிண்ட் அடித்தால் பசுமை வீடு ஆகிவிடுமா?



"பசுமைக் கட்டடம்" என்ற பேரை முதலில் கேட்டப்போ, பச்சைப் பெயிண்ட் அடிச்ச வீடுன்னுதான் நான் நெனச்சேன். சிரிக்காதீங்க! குறைந்த கரண்ட், குறைந்த தண்ணீர், குறைந்த சிமெண்ட், செங்கலில் கட்டி, உள்ளே இருப்பவர்களுக்கு வெக்கை தெரியாமல் வைத்திருக்கும் கட்டடம்தான் பசுமைக் கட்டடம்.

இதை நான் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டுத் தளம் போட்ட வீடு கட்டப் போகிறோம். வாணம் தோண்டியாச்சு. எங்க சித்தப்பாவும் தளம் போட்ட வீடுதான் கட்டியிருக்காங்க. சித்திரை மாசத்தில் எங்க அப்பாயி அங்க ராத்திரி தூங்க முடியாமல் பாயைச் சுருட்டிக்கிட்டு வாசலுக்கு வந்துடும். "அடுப்புக்குள்ள படுத்த மாதிரி இருக்குடி" என்று சொல்லும். எங்க வீடும் அப்படி ஆயிடக் கூடாதேன்னுதான் அறிவியல் டீச்சரிடம் கேட்டுக் கேட்டுப் படித்தேன்.

சூடு எப்படி உள்ளே வருகிறது?

வெப்பக் கடத்தல், வெப்பச் சலனம், வெப்பக் கதிர்வீச்சு என்று மூன்றைப் பாடத்தில் படிக்கிறோம். மூன்றும் நம் வீட்டிலேயே நடக்கிறது. கான்கிரீட் தளம் பகல் முழுவதும் வெயிலைக் குடிக்கும். அந்தச் சூடு கடத்தல் மூலம் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். ராத்திரி தளம் அதைக் கதிர்வீச்சாக நம் மேல் விடும். அதனால்தான் வெளியில் குளிர்ந்த பிறகும் உள்ளே கொதிக்கிறது. ஃபேன் காற்றைக் குளிர வைக்காது. சூடான காற்றையே சுற்றிச் சுற்றி விடும். அதுவும் சும்மா இல்லை. 75 வாட் ஃபேன் 12 மணி நேரம் ஓடினால் 0.9 யூனிட், அதாவது கிட்டத்தட்ட ஒரு யூனிட் கரண்ட்.

நம் பழைய வீடுகளில் முற்றம் இருந்தது. சூடான காற்று லேசானது. அது முற்றத்து வழியாக மேலே போகும், திண்ணைப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். இதுதான் வெப்பச் சலனம். பேர் தெரியாமலே நம்ம முன்னோர்கள் இதைச் செய்திருக்கிறார்கள்!

செங்கலை மிச்சம் பிடித்த லாரி பேக்கர்

லாரி பேக்கர் 1917-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். இந்தியாவுக்கு வந்து, இந்தியக் குடிமகனாகவே ஆகிவிட்ட கட்டடக் கலைஞர். வீடு கட்டும் பொருள் அக்கம்பக்கத்திலேயே கிடைப்பதாக இருக்க வேண்டும் என்ற காந்தியடிகளின் கருத்து அவர் மனதில் பதிந்துவிட்டது. கேரளாவில் ஏழைகளுக்கும் குறைந்த செலவில் வீடு கட்டிக் கொடுத்தார். 1990-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2007-ல் திருவனந்தபுரத்தில் காலமானார்.

அவர் பரப்பிய முறைகளில் ஒன்று "எலிப்பொறி கட்டு". செங்கலைப் படுக்க வைக்காமல் குத்துவாட்டில் நிறுத்திக் கட்டுவார்கள். சுவருக்கு நடுவே பொந்து பொந்தாகக் காலி இடம் இருக்கும். அதில் அடைபட்ட காற்று சூட்டை எளிதில் கடத்தாது. 9 அங்குலச் சுவருக்கு ஆகும் செங்கலில் சுமார் கால் பங்கு மிச்சம். செங்கல் குறைந்தால் சூளையில் எரிகிற விறகும் குறையும் அல்லவா?

இன்னொன்று, தளத்தின் அடிப்பகுதியில் கம்பிகளுக்கு நடுவே பழைய சீமை ஓடுகளை வைத்துக் கான்கிரீட் போடுவது. அந்த இடத்தில் கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை. அதனால் ஓடு வைத்தால் பலம் குறையாது, சிமெண்ட் குறையும், சூடும் குறையும். ஆனால் இரண்டையுமே தெரிந்தவர்களை வைத்துத்தான் செய்ய வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

1. ஜன்னல்களை எதிரெதிராக வைக்க வேண்டும். மேலே வெண்டிலேட்டரும் வேண்டும்.
2. மேற்கு வெயில்தான் பொல்லாதது. அந்தப் பக்கம் படுக்கும் அறை வேண்டாம். வேம்போ புங்கையோ நடலாம்.
3. மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கலாம். இதற்குச் செலவு மிகக் குறைவு.
4. குண்டு பல்புக்குப் பதில் எல்.இ.டி. பல்பு போடலாம். 60 வாட் செய்த வேலையை 9 வாட் செய்யும்.
5. மழைநீர்த் தொட்டியைப் பெயருக்கு வைக்காமல் தூர் வார வேண்டும். 2003-லேயே நம் மாநிலத்தில் இது கட்டாயமாக்கப்பட்டது.

செய்து பாருங்கள்!

ஒரே மாதிரி இரண்டு டம்ளரில் தண்ணீர் ஊற்றுங்கள். ஒன்றைக் கறுப்புத் தாளாலும் ஒன்றை வெள்ளைத் தாளாலும் சுற்றி, மதியம் ஒரு மணி நேரம் வெயிலில் வையுங்கள். பிறகு விரல் விட்டுப் பாருங்கள். சுண்ணாம்பு அடிக்கச் சொன்னது ஏன் என்று புரியும்.

முடிவுரை

இதையெல்லாம் அப்பாவிடம் படம் போட்டுக் காட்டினேன். எதிரெதிர் ஜன்னலுக்கும் சுண்ணாம்புக்கும் சரி என்றார். கொத்தனார் மாமாதான் எலிப்பொறி கட்டுக்கு, "சுவர் நிக்குமா பாப்பா?" என்று யோசித்தார். கடைசியில், "கொல்லைப்பக்கத்துக் குளியலறைச் சுவரை மட்டும் அப்படிக் கட்டிப் பார்ப்போம்" என்று சொல்லியிருக்கிறார். ஒரு சுவரில் ஆரம்பித்தாலும் ஆரம்பம்தானே!

உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது வீடு கட்டினால், வாணம் தோண்டும் முன்பே இதைச் சொல்லுங்கள். பூசி முடித்த பிறகு சொன்னால் பிரயோஜனம் இல்லை. வரும் சித்திரையில் எங்க அப்பாயி வீட்டுக்குள்ளேயே தூங்குச்சா இல்லையான்னு இதே பலகையில் எழுதுகிறேன்.

வெயிலை வெளியே நிறுத்துவோம்! மின்சாரத்தை மிச்சப்படுத்துவோம்!


— ஒன்பதாம் வகுப்பு மாணவி