மொட்டை டயரில் ரெண்டு வகை

 

இந்த மாத அறிவியல் பகுதிக்கு நான் எடுத்துக்கொண்ட தலைப்பு: வேகப் பந்தயக் காருக்குப் பின் டயரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? "உங்க வீட்டுல காரே இல்லையே, உனக்கு எதுக்கு இது?" என்று கேட்பீர்கள். எங்க வீட்டில் ஒரு பழைய பைக்தான் இருக்கிறது. இந்தக் கேள்வி அந்த பைக்கில் இருந்துதான் வந்தது.

எங்க அண்ணன் பைக்கில் பின் டயர் பட்டன் தேய்ஞ்சு வழுவழுன்னு ஆயிருச்சு. அப்பா மாத்தச் சொன்னார். அண்ணன் செல்போனில் ஒரு பந்தயக் காரைக் காட்டி, "பாருங்கப்பா, இம்புட்டுப் பெரிய வண்டிக்கே பட்டன் இல்ல. மொட்டை டயர்தான் ரோட்டை நல்லாப் பிடிக்கும்" என்று சொல்லுச்சு. அப்பாவுக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

ஐப்பசி முதல் மழையில் கால்வாய்ப் பாலத்துத் திருப்பத்தில் வண்டி வழுக்கிவிட்டது. பின்னாடி நான்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முழங்கையில் சிராய்ப்போடு போச்சு. அண்ணனுக்குக் காறை எலும்பு முறிந்து ஒன்றரை மாதம் வேலைக்குப் போகவில்லை. அம்மாவின் கம்மல் இன்னும் அடகில்தான் இருக்கிறது. அன்னைக்கே எனக்குப் பதில் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன். அதனால்தான் தேடிப் படித்தேன், பஞ்சர் கடை அண்ணாச்சியிடமும் கேட்டேன்.

அது என்ன பந்தயம்?

இதற்கு டிராக் ரேஸ் என்று பெயர். வளைவு கிடையாது. நின்ற இடத்தில் இருந்து கிளம்பி, நேர் கோட்டில் கால் மைல், அதாவது 402 மீட்டர் போக வேண்டும். யார் முதலில் போகிறாரோ அவருக்கே வெற்றி.

நம் தமிழ்நாட்டுக்கு மோட்டார் பந்தயம் புதிது இல்லை. 1953-இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கப்பட்டது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பல வருடம் பந்தயம் நடந்தது. 1990-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயச் சாலையே வந்துவிட்டது. அங்கே தேசிய அளவில் பைக் டிராக் பந்தயமும் நடந்திருக்கிறது.

பின் டயர்தான் காளையின் குளம்பு

நம்ம பக்கம் மாட்டு வண்டிப் பந்தயம் எல்லாரும் பார்த்திருப்போம். பெரிய மாடு, சின்ன மாடு என்று தனித்தனியாக விடுவார்கள். அதில் வண்டிச் சக்கரம் சும்மா உருளும். தரையை உதைத்துத் தள்ளுவது மாட்டின் குளம்புதான். பின் சக்கரத்தால் ஓடும் காரில் அந்தக் குளம்பின் வேலையைப் பின் டயர் செய்கிறது. குளம்பு வழுக்கினால் மாட்டுக்கு எவ்வளவு பலம் இருந்தும் பிரயோஜனம் இல்லை. அதுபோல எஞ்சினுக்கு 500 குதிரைத் திறன் இருந்தாலும், டயர் பிடிக்காவிட்டால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும், புகைதான் வரும்.

இன்னொன்று. மாட்டுத்தாவணியில் பஸ் எடுக்கும்போது நாம் எல்லாரும் பின்னாடி சாய்கிறோம் அல்லவா? கார் வேகமாகக் கிளம்பும்போதும் எடை பின் சக்கரத்தின் மேல் சாய்கிறது. எடை கூடினால் உராய்வும் கூடும். அதனால்தான் பின் டயருக்கு இவ்வளவு கவனம்.

எதை எதைப் பார்க்க வேண்டும்?

1. ரப்பர்: மிருதுவாக இருக்க வேண்டும். மிருதுவான ரப்பர் தார் ரோட்டின் சின்னச் சின்னக் குழிகளுக்குள் பதிந்து பிடித்துக்கொள்ளும். ஆனால் சீக்கிரம் தேய்ந்துவிடும். நம் மேலூர் ரோட்டில் வெள்ளரிப்பட்டி ஆலையில் செய்வது போன்ற பைக் டயர்கள் பல ஆயிரம் கிலோமீட்டர் உழைக்க வேண்டியவை. பந்தய டயருக்கு அந்தக் கவலை இல்லை.

2. பட்டன்: பந்தயச் சாலையில் மட்டும் ஓடும் காருக்கு முழு மொட்டை டயர். ரோட்டிலும் ஓட வேண்டும் என்றால் கொஞ்சமாகப் பள்ளம் வெட்டிய டிராக் ரேடியல் டயர்.

3. அளவு: அகலம் வேண்டும். ஆனால் பாடியில் உரசக் கூடாது. உயரம் கூடினால் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகும், கிளம்பும்போது உந்தும் விசை குறையும். இரண்டையும் சரிபார்த்துதான் வாங்க வேண்டும்.

4. பக்கச் சுவர்: லாரிக்காரர்கள் சொல்லும் நைலான் டயர், ரேடியல் டயர் என்ற இரண்டு வகை இதிலும் உண்டு. நைலான் வகைப் பந்தய டயரின் சுவர் கிளம்பும்போது சேலை மடிப்பு மாதிரி சுருங்கி, அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். ரேடியல் அதிக வேகத்தில் ஆடாமல் ஓடும். ஒரே அச்சில் ஒன்று அது, ஒன்று இது என்று போடவே கூடாது.

5. காற்று: சாதாரணக் காருக்கு 30 முதல் 35 பி.எஸ்.ஐ. வைப்பார்கள். பந்தயத்தில் பின் டயரில் ஏறத்தாழ 12 முதல் 20 வரைதான் வைப்பார்கள். காற்று குறைந்தால் டயர் பரந்து தரையில் படும். உழவு டிராக்டரின் பின் டயரிலும் காற்று குறைவுதான். எங்க சித்தப்பா அதற்குள் தண்ணீரும் நிரப்புவார், எடை கூடுவதற்காக. (எச்சரிக்கை: ரோட்டில் ஓடும் காரில் காற்றைக் குறைத்தால் டயர் சூடேறி வெடிக்கும்!)

6. சூடு: பந்தயத்துக்கு முன் சக்கரத்தை நனைத்து, நின்ற இடத்திலேயே சுற்ற விடுவார்கள். ரப்பர் சூடாகிப் பசை மாதிரி ஒட்டும்.

ஓர் உதாரணம்

2018 மாடலாக அமெரிக்காவில் வந்த டாட்ஜ் டீமன் என்ற கார், பந்தயப் பெட்ரோலில் 840 குதிரைத் திறன் தரும். அதன் எடை ஏறத்தாழ 1,940 கிலோ. டயரின் அகலம் 315 மில்லிமீட்டர். நம் அடி ஸ்கேலை விட ஒன்றரை சென்டிமீட்டர் அதிகம்! பக்கச் சுவர் உயரமாக இருப்பதற்காகச் சிறிய 18 அங்குலச் சக்கரம் போட்டார்கள். அந்தக் கார் கால் மைலை 9.65 விநாடியில் கடந்தது. 402-ஐ 9.65-ஆல் வகுத்துப் பாருங்கள். சராசரியே மணிக்கு 150 கிலோமீட்டர் வருகிறது. கிளம்பும்போது முன் சக்கரம் இரண்டும் தூக்கி, கிட்டத்தட்ட 3 அடி தூரம் தரையில் படாமல் போயிருக்கிறது. அவ்வளவு பிடி பின் டயருக்கு.

அப்போ அண்ணன் சொன்னது சரியா?

பாதிதான் சரி. மொட்டை டயரில் ரெண்டு வகை இருக்கிறது. ஒன்று, மொட்டையாகவே பிறந்தது. அது மிருதுவான புது ரப்பர், சூடேற்றிய ரப்பர், காய்ந்த பந்தயச் சாலையில் மட்டும் ஓடுவது. மற்றது, தேய்ந்து மொட்டையானது. அது வெயில் பட்டு இறுகிப்போன ரப்பர். அடியில் நூல் தெரியும். பார்க்க ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும்.

முக்கியமான விஷயம் மழை. டயரின் பட்டன்களுக்கு இடையில் இருக்கும் பள்ளம் அழகுக்காக வெட்டியது இல்லை. அது தண்ணீருக்கு வாய்க்கால். அந்த வாய்க்கால் வழியாகத் தண்ணீர் ஒதுங்கினால்தான் ரப்பர் ரோட்டைத் தொடும். வாய்க்கால் இல்லாவிட்டால் டயர் தண்ணீர் மேலேயே மிதக்கும். மழை பெய்தால் டிராக் பந்தயத்தையே நிறுத்திவிடுவார்கள். அந்த நல்ல மொட்டை டயரே மழையில் நிற்காது என்றால், எங்க வீட்டு மொட்டை டயர் எப்படி நிற்கும்?

செய்து பாருங்கள்

ஓர் அழி ரப்பரைக் காய்ந்த சிலேட்டில் அழுத்தி இழுங்கள். பிறகு சிலேட்டில் தண்ணீர் ஊற்றி இழுங்கள். வித்தியாசம் விரலுக்கே தெரியும்.

இன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் உங்க வீட்டு வண்டி டயரைப் பாருங்கள். பள்ளத்துக்குள் சின்ன மேடு ஒன்று இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரை மாற்ற வேண்டும். சட்டப்படி பைக்குக்கு 0.8 மில்லிமீட்டர், காருக்கு 1.6 மில்லிமீட்டர் பள்ளமாவது இருக்க வேண்டும். அண்ணன்மார்கள் ரிங் ரோட்டில் பந்தயம் விட்டால், அது பந்தயச் சாலை இல்லை என்று எடுத்துச் சொல்லுங்கள்.

எங்க அண்ணன் இப்போது புது டயர் போட்டுவிட்டது. இதை எழுதி முடித்ததும் முதலில் அதற்குத்தான் படித்துக் காட்டினேன். "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல" என்று கேட்டுச்சு. அண்ணனிடம் முன்னாடி சொல்ல முடியாததை உங்களிடம் இப்போது சொல்லிவிட்டேன்.

 

இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி