வெயிலில் மக்கர் செய்யும் பத்மினி

அப்பா ஓட்டிய பிரீமியர் பத்மினியைச் சரிசெய்து வைத்திருக்கிறேன். காலையில் ஒரே முறையில் கிளம்பிவிடுகிறது. வெயிலில் ஓட்டி, டீ குடிக்க நிறுத்தினால் மறுபடி கிளம்புவதில்லை. என்ன கோளாறு?

இதற்கு ‘வேப்பர் லாக்’ என்று பெயர். பெட்ரோல் குழாயில் ஆவி அடைத்துக்கொள்வது. பத்மினியின் 1089 சிசி எஞ்சினில் பெட்ரோல் பம்ப் எஞ்சினோடு ஒட்டியே இருக்கிறது. ஓடும்போது விசிறிக் காற்றும் டேங்கிலிருந்து வரும் பெட்ரோலும் அதைக் குளிர்விக்கின்றன. வண்டி நின்றதும் இரண்டும் நின்றுவிட, எஞ்சின் சூடு பம்புக்கு ஏறுகிறது. பெட்ரோலின் இலகுவான பகுதிகள் 40 டிகிரியை ஒட்டியே கொதிக்கத் தொடங்கும். ஆவி நிறைந்த பம்பால் பெட்ரோலை இழுக்க முடியாது, கார்புரேட்டர் வறண்டுபோகும்.

பழைய டாக்ஸிக்காரர்களின் வைத்தியம் இன்றும் பலிக்கும்: பானெட்டைத் திறந்து, பம்பின் மீதும் குழாயின் மீதும் ஈரத்துணி போட்டுப் பத்து நிமிடம் விடுவது. டிஸ்ட்ரிபியூட்டரில் தண்ணீர் படக்கூடாது. விடாமல் ஸ்டார்ட் செய்தால் பேட்டரிதான் இறங்கும். டீயை நிதானமாகக் குடிப்பதே மேல். பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தால் கோளாறு நேர்மாறானது: எஞ்சினுக்குள் பெட்ரோல் மிகுந்துவிட்டது. அப்போது ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி கிளப்ப வேண்டும்.

நிரந்தரத் தீர்வுக்கு ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, விசிறி பெல்ட்டை இறுக்கி, பெட்ரோல் குழாய் எக்ஸாஸ்டை ஒட்டிப் போகாதபடி விலக்கிக் கட்ட வேண்டும். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பரை அரிக்கும். ஆகவே ரப்பர் குழாய்களையும் பம்பின் டயாஃப்ரத்தையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுவது நல்லது.