கோட்டின் எந்தப் பக்கம்?

அன்புள்ள தம்பிக்கு,

பெங்களூரு ஜீவனஹள்ளி வீட்டு மாடிக்கு ஸ்க்ரோல் சா என்ற ரம்ப மெஷின் வந்து சேர்ந்த செய்தி மகிழ்ச்சி தந்தது. எந்த பிளேடு, எவ்வளவு வேகம், எத்தனை அங்குலப் பலகை என்று கேள்விகளை அடுக்கியிருக்கிறாய். பென்சிலைப் பற்றியும் மூலைமட்டத்தைப் பற்றியும் ஒரு கேள்விகூட இல்லை. பதிலை அங்கிருந்து தொடங்குவதுதான் சரி. ரம்பம் கோட்டின் பின்னால்தான் போகிறது. கோடு தவறினால் எவ்வளவு விலையுயர்ந்த மெஷினும் அந்தத் தவறைத்தான் சுத்தமாக அறுத்துக் கொடுக்கும்.

இதற்குச் சாட்சி தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. மைசூரின் ஈட்டி மரப் பதிப்பு வேலை, புவிசார் குறியீடு பெற்ற கைத்தொழில். 1897இல் பழைய மர அரண்மனை தீயில் அழிந்த பிறகு, ஹென்றி இர்வின் வடிவமைப்பில் 1912இல் எழுந்து முடிந்த புதிய அரண்மனையில், தந்தம் பதித்த ஈட்டி மரக் கதவை இன்றும் பார்க்கலாம். சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்தை முடித்துக் கொடுத்தவரும் இதே இர்வின்தான். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பின்னால் வந்த திருத்தங்களும் தந்தத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தன. அதில் வருந்த ஒன்றுமில்லை. மைசூர் கைவினைஞர்கள் மரத்தின் சொந்த நிறங்களைக் கொண்டே படம் எழுதுகிறார்கள்: மஞ்சளுக்குப் பலா, கருமைக்கு ஈட்டி, இடைப்பட்ட பழுப்புகளுக்கு வேறு வேறு மரங்கள்.

அவர்கள் வேலை செய்யும் முறையைக் கவனி. முதலில் காகிதத்தில் படம். அதன் பகுதிகளை மெல்லிய மரத்தகடுகளில் ஒட்டி, கையால் இயக்கும் ஃபிரெட் சாவால் ஒவ்வொரு துண்டாக அறுக்கிறார்கள். யானையின் காது ஒரு துண்டு, தும்பிக்கை ஒரு துண்டு. அறுத்த துண்டுகளைச் சேர்த்து ஈட்டிப் பலகைமேல் வைத்து, அவற்றின் ஓரத்தை ஒட்டியே கூர்முனையால் கீறுகிறார்கள். கீறலுக்கு உட்பட்ட பரப்பை உளியால் குடைந்து, துண்டுகளைப் பசையிட்டுப் பதித்து, தேய்த்து மெருகேற்றுகிறார்கள். அந்த இரண்டாவது கோட்டுக்கு அளவுகோலே தேவைப்படவில்லை! பொருந்த வேண்டிய பொருளை வைத்தே கோடு போடும்போது அளவெடுப்பதில் வரும் பிழை நுழைய வழியில்லை. பட்டறையில் முதலில் கற்க வேண்டியது இதுதான்.

இனி உன் மெஷின். ஸ்க்ரோல் சாவில் 5 அங்குல பிளேடு மேலும் கீழும் ஓடும். அதன் பற்கள் கீழ்நோக்கி இருக்க வேண்டும். தையல் மெஷினில் துணியைத் திருப்புவதுபோல் இங்கே பலகையைத்தான் திருப்ப வேண்டும். ஓரத்திலிருந்து எட்ட முடியாத உள்வெட்டுக்கு, முதலில் சிறு துளை போட்டு, பிளேடின் ஒரு முனையைக் கழற்றி, துளைக்குள் நுழைத்து மறுபடி மாட்டிக்கொள்ளலாம். துளை விழும் இடத்தைக் குத்தூசியால் ஒரு புள்ளி குத்திக் குறித்துவிடு. இல்லையென்றால் டிரில் பிட் வழுக்கிக்கொண்டு ஓடும்.

பிளேடு போன வழியில் கொஞ்சம் மரம் தூளாகிறது. மெல்லிய பிளேடு என்றாலும் அரை மில்லிமீட்டரை ஒட்டிய இழப்பு இருக்கும். பென்சில் கோட்டுக்கும் ஏறக்குறைய அதே தடிமன். எனவே அறுப்பதற்கு முன்பே முடிவு செய்துகொள்: கோடு துண்டோடு நிற்க வேண்டுமா, கழிவோடு போக வேண்டுமா? கழியப்போகும் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டால் குழப்பமே இல்லை. நேர்கோட்டுக்குப் பென்சிலைவிடக் கத்தி மேல். ஒரு பக்கம் மட்டும் சாணை பிடித்த குறிகத்தியின் தட்டையான பக்கத்தை மட்டத்தோடு ஒட்டி இழுத்தால், தடிமனே இல்லாத விளிம்பு கிடைக்கும். ஈட்டி போன்ற கறுத்த மரத்தில் சாதாரணப் பென்சில் தெரியாது. வெள்ளைப் பென்சில் வாங்கி வைத்துக்கொள்.

மூலைமட்டத்தைக் கடைக்காரர் சொல்லை நம்பி வாங்காதே. பலகையின் நேரான ஓரத்தில் அதை வைத்து ஒரு கோடு கிழி. பிறகு புரட்டி வைத்து, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் மட்டம் நல்லது. பிரிந்தால், தெரிகிற இடைவெளி உண்மையான பிழையைப்போல் இரண்டு மடங்கு. அரை நிமிடச் சோதனை இது. கடையிலேயே செய்து பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கலாம்.

முதல் வேலையாகக் கர்நாடக வரைபடப் புதிரைச் செய். 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி, வரைபடத்தை மரப்பலகையில் ஒட்டி நாட்டு எல்லைகள் வழியே அறுத்து, பிள்ளைகளுக்குப் புவியியல் கற்பிக்க விற்றார். ஜிக்சா புதிர்களின் கதை அங்கிருந்து தொடங்குவதாகச் சொல்வார்கள். உனக்கு 31 மாவட்டங்கள், 4 மில்லிமீட்டர் பிளைவுட், ஒரு ஏ3 தாள் போதும். பலகையில் முதலில் மாஸ்கிங் டேப், அதன்மேல் காகிதம். உரித்தெடுக்க அதுவே சுலபம். இங்கே எல்லைக்கோடு இரு மாவட்டங்களுக்கும் பொதுவானது என்பதால் கோட்டின் நடுவிலேயே அறுக்க வேண்டும். 16 அங்குல மெஷினில் இவ்வளவு பெரிய பலகையைத் திருப்பினால் மெஷினின் பின்பக்கத்தில் இடிக்கும். ஆகவே மாநிலத்தின் நடுவே ஏதாவது மாவட்ட எல்லைகளைப் பிடித்து முதலில் இரண்டாகப் பிரித்துவிடு. பெங்களூரு நகர மாவட்டம் மூன்று சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். விரலைப் பிளேடுக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டிய துண்டு அது, அவசரப்படாமல் அறு.

கை பழகியபின் பதிப்பு வேலைக்கு வா. ஒரே தடிமனுள்ள இரண்டு நிறப் பலகைகளை ஒன்றின்மேல் ஒன்று ஒட்டி, மெஷின் மேசையைச் சற்றுச் சாய்த்து ஒரே வெட்டாக அறுத்தால், ஒரு பலகையின் துண்டு மற்றதன் துளையில் ஆப்பாக இறுகி உட்காரும். சாய்வுக்குக் கணக்கு இருக்கிறது. பிளேடு தின்னும் அகலத்தை ஒரு பலகையின் தடிமனால் வகுத்தால் கிடைப்பது அந்தக் கோணத்தின் சைன் மதிப்பு. மிக மெல்லிய பிளேடின் 0.3 மில்லிமீட்டர் வெட்டு, 3 மில்லிமீட்டர் பலகை என்றால் சுமார் 6 டிகிரி. எந்தப் பக்கம் சாய்ப்பது, எந்தத் திசையில் சுற்றுவது என்பதைக் கழிவுத் துண்டில் ஒரு வட்டம் அறுத்தே தெரிந்துகொள். தலைகீழாகச் செய்தால் துண்டு துளை வழியே கீழே விழுந்துவிடும்.

ஈட்டி மரத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் மூச்சிரைப்பும் தரும். முகக்கவசம் இல்லாமல் அதைத் தொடாதே. பழகும் வரை பிளைவுட்டும் பலாத் துண்டுகளும் போதும். எம்.ஜி. ரோடு காவேரி எம்போரியத்தில் மைசூர் பதிப்புப் பலகைகள் உண்டு. ஒரு சனிக்கிழமை போய், யானையின் தும்பிக்கையும் தந்தமும் சேரும் இடத்தில் இரண்டு மரங்களுக்கு நடுவே எவ்வளவு பசை தெரிகிறது என்று பார்த்து எழுது.

அன்புடன்,
மாமா